முற்றத்தில் வெட்டுப்படும் சாய்வு நாற்காலி

திருவட்டாறு தாண்டி, இளநீர் குடிக்க வண்டியை நிறுத்துகிறேன். எதிர் வீட்டு முற்றத்தில் வயதான பெண் ஒருவர் பழைய சாய்வு நாற்காலியைக் கோடாலியால் வெட்டிக்கொண்டிருக்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அயனி மரம், பிரம்புப் பின்னல், காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ள நீண்ட கைகள். ஓர் ஆணிகூட இல்லை. மர முளை அடித்து இறுக்கிய மூட்டுகள் கோடாலிக்கும் அசையவில்லை.

ஓடிப்போய்த் தடுக்கிறேன். "வெட்டாதீங்கம்மா, எனக்குக் கொடுத்துடுங்க."

"வேண்டாம் மக்கா," என்கிறார் மூச்சு வாங்க. "என்னயக் கெட்டுன மாப்பிள்ள இதுல கால நீட்டிக் கெடந்துட்டு, சாயாவுக்குச் சூடு கொறஞ்சா கிளாஸ எம்மூஞ்சில எறிவாரு. போன மாசம்தான் செத்தாரு."

"அதுக்கு நாற்காலி என்னம்மா செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது. நீங்க கொண்டு போனா, இதுல நீங்கல்லா கால நீட்டுவிய. ஒங்க வீட்டுல சாயா ஆரு கொண்டு வருவா?"

விலகி நிற்கிறேன்.