நாற்றம் நின்றபோது

காயில் அக்கா என்றால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செப்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, சுற்றித் தருவது அவள் தொழில். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மின்விசிறி ஆலையில் கற்றுக்கொண்டது. ஆலையை இழுத்து மூடியபோது, பஸ் ஓட்டும் கணவரிடம் பேசி வீட்டு முன்னறையையே கடையாக்கிக்கொண்டாள். "பொம்பளை சுத்தின மோட்டார் எத்தனை நாள் ஓடும்" என்று கேட்டவர்களே பிறகு மோட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு வந்து நின்றார்கள்.

கூட ஒரு தம்பி. நாற்பதைத் தாண்டியும் எந்த வேலையிலும் கால் ஊன்றாமல், கடைசியில் அக்காவிடமே வந்து சேர்ந்தவன். வாய் மட்டும் காது வரை நீளும். "கடைக்கு அக்கா மூளை, நான் முதுகு" என்பான். தூக்குவது, கழற்றுவது, மாட்டுவது எல்லாம் அவன் பாடு.

அடைமழை பிடித்துக்கொண்ட வாரத்தில் ஒரு காலை, அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மேற்பார்வையாளர் போன் செய்தார். "கழிவுநீர் பம்ப் ஓட மாட்டேங்குதுங்க. கீழ் வீட்டு பாத்ரூம்ல தண்ணி எதிர்த்துக்கிட்டு வருது. வயசானவங்க இருக்காங்க, கொஞ்சம் சீக்கிரம் வாங்க."

அக்காவும் தம்பியும் போனபோது நிலவறையில் கார்களை எல்லாம் வெளியே எடுத்திருந்தார்கள். விளக்கு ஒன்று விட்டு ஒன்றுதான் எரிந்தது. மூலையில் கழிவுநீர்த் தொட்டி. இரும்பு மூடியைத் தம்பி நெம்பித் தள்ளியதும் அழுகிய முட்டை நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. மேற்பார்வையாளர் சட்டை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"நீங்க தள்ளி நில்லுங்க சார்," என்ற அக்கா, தம்பியின் இடுப்பில் கயிற்றைச் சுற்றி மறுமுனையைத் தூணில் கட்டினாள். திறந்த தொட்டியை எட்டிப் பார்க்கிற யாருக்கும் இடுப்பில் கயிறு வேண்டும் என்பது அவள் சட்டம்.

"என்னைக் கன்னுக்குட்டி மாதிரி கட்டிப் போடுறாங்க பாருங்க," என்றான் தம்பி.

அவள் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த ஸ்விட்ச் பெட்டியைத் திறந்தாள். மூன்று கம்பிகளிலும் கரண்ட் சரியாக வந்துகொண்டிருந்தது. அதிகச் சுமை வந்தால் தானாக அணைக்கும் ரிலே விழுந்து கிடந்தது. அதைத் தூக்கிவிட்டு ஸ்டார்ட்டை அழுத்தினாள். தொட்டியின் அடியிலிருந்து "ம்ம்ம்" என்று ஓர் உறுமல் மட்டும் வந்தது. சுழலும் சத்தம் இல்லை. உடனே அணைத்தாள்.

"கரண்ட் போகுது, காயிலும் நல்லாத்தான் இருக்கு. உள்ளே சக்கரத்துல ஏதோ சிக்கியிருக்கு," என்றாள். "பம்ப்பை மேலே தூக்கினாத்தான் தெரியும்."

மெயினை அணைத்துவிட்டு, பம்ப்பைக் கட்டியிருந்த சங்கிலியை இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். துரு அரித்த சங்கிலி பாதியில் அறுந்து, கீழ்ப்பாதி கறுப்புத் தண்ணீருக்குள் விழுந்தது. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருந்தது.

"ரெண்டு நிமிஷ வேலை அக்கா. தொட்டிக்குள்ள இருக்கற ஏணியில இறங்கி ஒரு கொக்கியை மாட்டிட்டு வந்துடறேன்."

"வாயை மூடு. யாரும் இறங்கக் கூடாது. உறிஞ்சற லாரி வரட்டும்."

மேற்பார்வையாளர் லாரிக்காரருக்குப் போன் போட்டார். மழைக்கு ஊரெல்லாம் கூப்பிடுகிறார்கள், சாயங்காலத்துக்கு மேல்தான் வர முடியும் என்று பதில் வந்தது. அவர் முகம் தொங்கிப்போயிற்று. வண்டியில் நீளக் கொக்கிக் கம்பி இருக்கிறது, அதை விட்டுத் துழாவிப் பார்க்கலாம் என்று அக்கா மேலே போனாள்.

அவள் கம்பியோடு திரும்பியபோது தொட்டி வாயில் தம்பி இல்லை. தொட்டிக்குள், ஏணியில் நின்ற அவன் தலை மட்டும் தெரிந்தது.

"நான் சொல்லச் சொல்லக் கேக்கலைங்க," என்றார் மேற்பார்வையாளர்.

"ஏறுடா மேலே."

"இரு அக்கா, கைக்கு எட்டற மாதிரிதான் இருக்கு." இன்னும் ஒரு படி இறங்கினான். பிறகு வியப்பாகச் சொன்னான். "நாத்தமே நின்னுபோச்சுக்கா. இப்ப ஒண்ணுமே தெரியல."

அவள் கையிலிருந்த கம்பி தரையில் விழுந்தது. நாற்றம் எங்கும் போகாது. காற்றில் விஷம் ஏறினால் மூக்குதான் முதலில் சாகும். ஆலையில் வேலை பார்த்தபோது, பக்கத்துச் சாயப்பட்டறைத் தொட்டியில் ஒருவர் விழ, அவரைத் தூக்கப் போனவரும் விழ, இருவரையும் சேர்த்து வெளியே கிடத்தியிருந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

"ஏறுடா," என்றாள் மறுபடியும். தம்பி அண்ணாந்து பார்த்தான். ஏதோ சொல்ல வாய் எடுத்தான். ஏணியைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

கயிறு விறைத்துத் தூண் கிறீச்சிட்டது. அவளுக்கு எதுவும் ஓடவில்லை. கால் தானாகப் போய் ஏணியின் முதல் படியில் நின்றது. மேற்பார்வையாளர் அவள் தோளை இறுகப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "அம்மா, நீங்களும் போயிட்டா யாரு இழுக்கறது?"

அந்த ஒரு கேள்விதான் அவளைத் தரைக்குக் கொண்டுவந்தது. காலை எடுத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு கயிற்றைப் பற்றினாள். மேற்பார்வையாளரும், கூச்சல் கேட்டு ஓடிவந்த காவலாளியும் சேர்ந்துகொண்டார்கள். முதுகு என்று பெயர் வாங்கியவன் மூன்று பேர் கைக்கும் கனத்தான். தலை விளிம்பில் இடித்தது. எப்படியோ இழுத்துப் போட்டு, அப்படியே சாய்தளம் வழியாக மழைக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். உதடு நீலமாக இருந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். வண்டியில் ஏற்றும்போதுதான் அவன் ஒரு தடவை இருமினான்.

லாரி வந்து தொட்டியை வற்ற வைத்த பிறகு பம்ப்பை வேறு யாரோ தூக்கினார்கள். சக்கரத்தில் ஒரு தரை துடைக்கும் துணி முறுக்கிக்கொண்டு கிடந்ததாம். மேற்பார்வையாளர் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்து அக்காவிடம் சொன்னார்.

தம்பி பிழைத்தான். வீட்டுக்கு வந்தான், சாப்பிட்டான், பழையபடி வாயடித்தான். ஆனால் மூக்குக்கு வாசனை திரும்பவில்லை. வரும், காத்திருங்கள் என்றார் டாக்டர். அவன் அதையும் வேடிக்கையாக்கினான். "இனிமே சாக்கடை வேலைக்கு என்னை விட்டா ஆள் கிடையாது."

அக்கா அவனை எங்கும் கூட்டிப்போவதில்லை. கடையிலேயே உட்கார்ந்து கம்பி சுற்றப் பழக்கினாள். கை நன்றாகத்தான் ஓடியது. ஒரு மதியம் அவள் சமையலறையிலிருந்து வந்தபோது கடை முழுக்கக் கருகல் நாற்றம். சோதனைக்கு ஓடவிட்ட மோட்டார் ஒன்று கருகிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்திலேயே அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தம்பி பாட்டை முணுமுணுத்தபடி கம்பி சுற்றிக்கொண்டிருந்தான்.

ஸ்விட்ச்சை அணைத்தாள். அவன் திரும்பிப் பார்த்தான்.

"ஏன்க்கா நிறுத்திட்ட?"

அவள் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஸ்டூலை இழுத்து அவனுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தாள். "மோட்டார் கருகிடுச்சுடா. இனிமே கடைக்கு மூக்கும் நான்தான்," என்றாள்.