தாம்பாளத்தின் மேல் ஒரு லேப்டாப்

அதை லேப்டாப் என்று சொன்னால் மற்ற லேப்டாப்புகள் கோபித்துக்கொள்ளும். பதினோரு அங்குலத் திரை, பேருக்கு ஒரு பிராசசர், உள்ளே ஃபேன்கூடக் கிடையாது. ஊரடங்குக் காலத்தில் மகளின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கியது. அவள் வெளியூர் ஹாஸ்டலுக்குப் போனபோது புதிதாக ஒன்றை வாங்கிக்கொண்டாள். பழையது என் தலையில் விழுந்தது. காலையில் அதை ஆன் செய்துவிட்டுக் குக்கர் வைத்தால், மூன்று விசில் வந்த பிறகுதான் அதற்கு விழிப்பு வரும்.

கணவருக்கு மத்திய அரசு உத்தியோகம். மூன்று வருடத்துக்கு ஓர் ஊர். ஒவ்வோர் ஊரிலும் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்திலோ ஆபீசிலோ தொற்றிக்கொள்வேன். மாற்றல் வந்ததும் ராஜினாமா எழுதுவேன். அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம். கொல்கத்தாவுக்கு வந்த பிறகு, நியூ டவுனில் பன்னிரண்டாவது மாடியில், நாற்பத்து நாலு வயதில், ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பு, வீட்டிலிருந்தே. எந்த ஊருக்கு மாற்றினாலும் கூடவே வரும் வேலை! நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும், தேர்வு ஒரே ஒரு முறைதான் என்று போட்டிருந்தது. எப்படியும் வாங்கிவிட வேண்டும் என்று வெறியே பிடித்துவிட்டது.

தேர்வு ஆன்லைனில். கேமரா ஓடிக்கொண்டே இருக்கும். தேர்வுப் பக்கத்தை விட்டு வேறு எதைத் திறந்தாலும் அத்தோடு சரி. கேமராவைச் சரிபார்க்க முன்கூட்டியே ஒரு பக்கம் கொடுத்திருந்தார்கள். அதைத் திறந்ததும் லேப்டாப் என் முகத்தைப் பாதி காட்டிவிட்டு அப்படியே உறைந்து நின்றது.

ராம் என்கிற மெமரியைக் கூட்டலாம் என்று இரண்டு பஸ் மாறி, தமிழ்க் கடைகள் இருக்கும் லேக் மார்க்கெட் பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் அடிப்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தார். "ஹொபே நா, தீதி", நடக்காது அக்கா என்று மூடிவிட்டார். ராம் போர்டோடு ஒட்டிப்போனதாம், கூட்டவே முடியாதாம். வந்ததற்குக் காபிப் பொடியும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். பஸ்ஸில் அழுகை வந்தது. இந்த டப்பாவுக்காகவா அழுகிறோம் என்று கோபமும் வந்தது.

மகள் ஃபோனில் வழி சொன்னாள். "அம்மா, ராமை விடு. ஸ்டார்ட்-அப் லிஸ்ட்னு ஒண்ணு இருக்கும் பாரு. ஆன் பண்ணதும் தானா ஓப்பன் ஆகற எல்லாத்தையும் ஆஃப் பண்ணு. வேண்டாததை எல்லாம் டெலீட் பண்ணு."

இரண்டு நாள் அதே வேலை. எப்போதோ காலாவதியான ஆன்டிவைரஸ், இரண்டு ஊருக்கு முன்னால் விற்ற பிரிண்டரின் மென்பொருள், மகளின் விளையாட்டுகள் எல்லாம் போயின. கடைசியாகக் கீபோர்டுகள். எங்கள் வீட்டில் மூன்று பேர், மூன்று மொழி. மகள் பள்ளியில் வங்காளம் எடுத்தாள், கணவருக்கு ஆபீசில் ஹிந்தி டைப்பிங் பரீட்சை, எனக்குத் தமிழ். ஆளுக்கொரு மென்பொருள், பெயரெல்லாம் மூன்று நாலு ஆங்கில எழுத்துகள்.

"ஏங்க, இது உங்க ஹிந்திதானே?" என்றேன்.

"அதான் பரீட்சை முடிஞ்சுபோச்சே. எடுத்துடு" என்றார், செல்ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல். எடுத்துவிட்டேன்.

சூடானால் இன்னும் மெதுவாகும் என்று மகள் சொல்லியிருந்ததால், பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்து அதன் மேல் லேப்டாப்பை வைத்து, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டேன். ஒரு விசிலுக்குள் விழித்துக்கொண்டது. கேமராப் பக்கம் திக்காமல் திறந்தது. இனி இதைத் தொட்டுக் கெடுக்கக் கூடாது என்று மூடி வைத்துவிட்டு, தேர்வு நாள்வரை நோட்டுப் புத்தகத்திலேயே மொழிபெயர்த்துப் பழகினேன்.

தேர்வில் பயிர்க் காப்பீடு பற்றிய ஒரு துண்டுப் பிரசுரம் வந்தது. படிக்கும்போதே தமிழ் வாக்கியங்கள் வரிசையாக வந்து நின்றன. கையை வைத்து அடித்தேன். திரையில் எஃப், கே, செமிகோலன் என்று ஆங்கில எழுத்தும் குப்பையும் வந்தன. அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடியும் அதே குப்பை. நான் எடுத்து எறிந்தது ஹிந்தி அல்ல.

பத்தொன்பது வயதில் தமிழ்த் தட்டச்சு ஹையர் பாஸ் செய்தவள் நான். விரல்களுக்கு அந்தத் தட்டச்சு மெஷினின் வரிசை ஒன்றுதான் தெரியும். அதைத் தந்த மென்பொருள், லேப்டாப்பை ஆன் செய்ததும் தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அதை நான் கைப்படத் திறந்ததில்லை, அதன் பெயரைப் பார்த்ததும் இல்லை. இப்போது தேட வேண்டுமென்றால் இந்தப் பக்கத்தை விட்டுப் போக வேண்டும். போனால் தேர்வு முடிந்தது.

நாற்பது நிமிடம் பாக்கி இருந்தது. கேமரா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழி தோன்றவில்லை. அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுவில் எழுதுவதுபோல, முழுவதையும் ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்தேன். ஒரு வரி விடவில்லை. நல்ல மொழிபெயர்ப்பு அது. யாராவது ஒரு மனிதர் படித்தால் புரிந்துகொள்வார் என்று நம்பினேன்.

மனிதர் யாரும் படிக்கவில்லை. அனுப்பிய ஐந்தாவது நிமிடம் மின்னஞ்சல் வந்துவிட்டது. தங்கள் விடையில் தமிழ் காணப்படவில்லை, மதிப்பெண் பூஜ்யம்.

மாலையில் மகள் கூப்பிட்டாள். "எப்படிம்மா எழுதின?"

"எங்க எழுதறது? பாதியில ஹேங் ஆயிடுச்சு" என்றேன்.

"சனியன் பிடிச்ச டப்பா! அதைத் தூக்கிக் குப்பைல போடும்மா" என்று திட்டினாள். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். வாங்கிய நாளிலிருந்து அன்றைக்கு ஒரு நாள்தான் அது ஒரு நொடிகூட நிற்காமல் ஓடியிருந்தது.