சீட் பெல்ட் மொட்டை

என் தம்பிக்கு முதல் மொட்டை பாதிதான் நடந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பாதி. ஒரு வயது முடிந்ததும் வல்லக்கோட்டை முருகனுக்கு முடி கொடுப்பதாக வேண்டுதல். வழக்கப்படி தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, தலையில் தண்ணீர் தெளித்து, கத்தியை வைத்ததும் அவன் போட்ட கூச்சலில் வரிசையில் நின்றிருந்த மற்ற குழந்தைகளும் சேர்ந்து அழ ஆரம்பித்தன. மாமாவின் மூக்கில் ஓர் உதை விழுந்தது. மொட்டை அடிப்பவர், "எனக்கு வேணாம்மா இந்தப் பாவம்" என்று கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். நடு மண்டையில் ரோடு போட்ட மாதிரி ஒரே ஒரு பட்டை வழித்த தலையோடு தம்பி வீடு வந்து சேர்ந்தான். அன்றைக்கு எடுத்த போட்டோவை அம்மா யாருக்கும் காட்டமாட்டாள்.

அதற்குப் பிறகு அவன் தலைப் பக்கம் யாரும் போகவில்லை. தூங்கும்போது அம்மா கத்தரிக்கோலோடு உட்கார்ந்து, திருடுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிவிடுவாள். தலையில் தண்ணீர் பட்டால் அவனுக்கு ஆகாது. சட்டைக் காலருக்குள் தைத்திருக்கும் துணித்துண்டு உறுத்தினால் சட்டையையே கழற்றி எறிவான். கை மட்டும் சும்மா இருக்காது. சுவர் சுண்ணாம்பைச் சுரண்டும், பாய்க் கோரையை ஒவ்வொன்றாக உருவும். யார் மடியிலும் உட்காரமாட்டான். அம்மா ஆசையாக இழுத்து அணைத்தால்கூட வழுக்கிக்கொண்டு இறங்கிப் போய்விடுவான். எனக்கு அது பழகிப்போயிருந்தது. சில பிள்ளைகளுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது, இவனுக்கு மடி பிடிக்காது என்று வைத்திருந்தேன்.

சொந்தக்காரர்கள் அப்படி விடுவார்களா? பாதியில் நின்ற வேண்டுதல்தான் பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டது என்று பெரிய அத்தை தீர்ப்பே எழுதிவிட்டாள். தாய்மாமன் மடி ராசியில்லை என்று இன்னொரு கட்சி. அம்மா கல்யாணம் காதுகுத்துக்குப் போவதையே நிறுத்தினாள். மாமா, அம்மாவுக்குத் தம்பி, ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் ஆள். பர்மனென்ட் ஆகாததைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மடி ராசியில்லை என்ற பேச்சு மட்டும் அவரைச் சாப்பிடவிடாமல் செய்தது.

தம்பிக்கு ஐந்து வயதான கோடையில், பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்குள் மொட்டையை முடித்துவிட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். இந்தத் தடவையும் பாதியில் நின்றால் அவள் உடைந்துபோவாள் என்பது எனக்கே தெரிந்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் செங்கல்பட்டில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் ஒரு மேடத்திடம் அவனைக் கூட்டிப்போனார்கள். நானும் மாமாவும் ஒட்டிக்கொண்டோம். மேடம் ஒரு தட்டு நிறைய சாமான்களை அவன் முன்னால் வைத்தார்: பிசைகிற பந்து, முறுக்குகிற கயிறு, ஜிகினா மிதக்கும் பாட்டில். தம்பி பந்தை எடுத்துப் பிசைந்துகொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

"அவன் அடம் பிடிக்கலம்மா. தொடுறது, சத்தம், எல்லாமே அவனுக்கு நம்மள விட ஜாஸ்தியா தெரியுது. லேசா தடவாதீங்க, தொட்டா அழுத்தமா தொடுங்க. கைக்கு எதனா குடுத்துட்டே இருங்க. இதெல்லாம் வீட்லயே செய்யலாம்" என்றார் மேடம்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமாவோ பந்தை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் எங்கே வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து எங்கள் வீடு கம்பெனி ஆனது. மாமா ஷிப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். கம்பெனியிலிருந்து ஒரு நூலைக்கூட வெளியே கொண்டுவர முடியாது, கேட்டில் சோதனை போடுவார்கள். அதனால் வழியில் காயலான் கடையில் புகுந்து ஸ்பாஞ்சுத் துண்டு, அறுந்த ஜிப், பழைய பைகளின் வெல்க்ரோ என்று வாரிக்கொண்டு வருவார். புளியங்கொட்டையைத் துணிக்குள் வைத்துத் தைத்தோம். நீள போல்ட்டில் நட்டைச் சுற்றவிட்டோம். பலூனுக்குள் கேழ்வரகு மாவை அடைத்தோம். எனக்குத்தான் பெரிய பதவி. அவர் கம்பெனியில் புது சீட்டின் மேல் ஒரு மெஷின் நாளெல்லாம் உட்கார்ந்து எழுந்து சோதிக்குமாம். இங்கே அந்த மெஷின் நான்.

"இன்னா பாப்பா, எத்தினி தபா அமுக்கினே?" என்று வந்ததும் கேட்பார்.

கை வலிக்க வலிக்க என்று சொன்னால்தான் அந்த பீஸ் ஓகே. ஒரு கேழ்வரகு பலூன் மட்டும் என் சோதனையைத் தாண்டி, முதல் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவின் கையில் போய் வெடித்தது. இஸ்திரி போட்ட யூனிபாரம் முழுக்க மாவு. அப்பா கத்தப்போகிறார் என்று நாங்கள் மூலைக்கொருவராக ஒதுங்கினோம். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரிப்பதைப் பார்த்து அப்பா இன்னொரு பலூனையும் எடுத்துத் தன் மேல் உடைத்துக்கொண்டு பஸ்ஸைத் தவறவிட்டார். எங்கள் வீட்டில் அவ்வளவு சந்தோஷமான கோடை அதற்கு முன்னால் வந்ததில்லை.

ஆனால் மொட்டைக்கு உதவும் சாமான் எதுவும் சிக்கவில்லை. எல்லாவற்றையும் தம்பி கொஞ்ச நேரம் பிசைவான், அப்புறம் சுவரைச் சுரண்டப் போய்விடுவான். ஒருநாள் காயலான் கடைக்காரர் கொசுறாக ஒரு பழைய சீட் பெல்ட்டைக் கொடுத்தனுப்பினார். மாமா மூட்டையைக் கொட்டியதும் தம்பி நேராக அதைத்தான் எடுத்தான். பெல்ட்டின் இரும்பு நாக்கை லாக்குக்குள் நுழைத்தான். டக். சிவப்புப் பொத்தானை அமுக்கினான். வெளியே வந்தது. மறுபடியும் டக். சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

மாமா மூளை அப்போதுதான் வேலை செய்தது. பெல்ட்டை அளவு வெட்டித் தைத்து, தன் இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, லாக்கை மடிக்கு முன்னால் வருமாறு வைத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். லாக்கைத் தேடிக்கொண்டு தம்பி தானாக வந்து அவர் மடியில் உட்கார்ந்தான். தானாக! பெல்ட்டைத் தனக்கும் சேர்த்து மாட்டினான். டக். மாமா பயந்துகொண்டே ஒரு பிடி இறுக்கினார். அலறப்போகிறான் என்று நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவன் மாமாவின் நெஞ்சில் சாய்ந்துகொண்டான். கால் மரத்துப்போயும் மாமா அசையவில்லை. பேசாதே, மூச்சு விடாதே என்று கண்ணாலேயே எங்களை மிரட்டிக்கொண்டிருந்தார்.

அப்புறம் வீட்டிலேயே ஒத்திகை. நான் மொட்டை அடிப்பவர், ஸ்பூன்தான் கத்தி. முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர், பிறகு ஒரு கை. பெல்ட்டை மட்டும் மாமா வேறு யாரும் தொட விடவில்லை. அம்மா ஒருநாள் கேட்டுப் பார்த்தாள்.

"வேணாங்க்கா. இப்பதான் செட் ஆயிகினு கீறான். இன்னொருத்தர் உக்காந்தா செட்டிங் மாறிடும்" என்று மாமா கறாராகச் சொல்லிவிட்டார். அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

கோயிலில் அதே மொட்டைக்காரர். எங்களைக் கண்டதும், "இந்தப் புள்ளையா!" என்று எழப்பார்த்தார். அப்பா கெஞ்சி உட்கார வைத்தார். மாமா மடியில் தம்பி பெல்ட்டை மாட்டி, டக் என்றதும் மொட்டைக்காரர் தண்ணீர் தெளித்தார். தம்பியின் முகம் கோணியது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றாள். மாமா பெல்ட்டை இன்னொரு பிடி இறுக்கினார். டக், டக் என்று அவன் போட்டுப் போட்டு எடுக்க, அந்தச் சத்தத்துக்கு ஏற்ப கத்தி இறங்கியது. பாதி தாண்டியது, முக்கால் ஆனது, கடைசிப் பிசிறும் போனது. முழு மொட்டை! மொட்டைக்காரரே கைதட்டிவிட்டார். அம்மா கண்ணைத் திறந்து, அவன் தலையைப் பார்த்து, சத்தமாக அழுதாள். எங்கள் அப்பா யாரென்றே தெரியாத ஒருவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மாமா எழுந்திருக்கப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. லாக் திறக்கவில்லை. சிவப்புப் பொத்தான் அமுங்கவே இல்லை. ஈர முடி கொத்துக் கொத்தாக லாக்குக்குள் போய் அடைத்திருந்தது.

மாமா அசடு வழிந்தார். "லைன்ல அல்லாரும் தொப்பி போட்டுக்கினு தான் வேலை செய்வோம். லாக்குல முடி உழும்னு எவன் கண்டான்?"

மொட்டை அடிக்கிற இடத்துக்கென்றே செய்த சாமானை முடி இல்லாமல் சோதித்துப் பார்த்த பெருமை எங்கள் கம்பெனியைச் சேரும். மெஷினாக இருந்த எனக்கும் அதில் பங்கு உண்டு.

மொட்டைக்காரர் கத்தியை நீட்டி, அறுத்துவிடலாம் என்றார். "அறுக்காதீங்க!" என்று அம்மா போட்ட அதட்டலில் அவர் கத்தியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பிள்ளை நிம்மதியாகத்தானே இருக்கிறான், அப்படியே சாமி கும்பிடலாம் என்றாள். அப்படியே வரிசையில் நின்றோம். மாமா வயிற்றோடு கட்டுண்ட தம்பி, புது மொட்டையோடு, லாக்கைத் தடவிக்கொண்டு ராஜா மாதிரி வந்தான்.

"இன்னாப்பா வேண்டுதல் இது?" என்று முன்னால் நின்ற அம்மாள் ஒருவர் கேட்டார்.

"தாய்மாமன் வேண்டுதல்ங்க" என்றார் அப்பா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாமாவுக்கு அன்றைக்கு இரண்டாவது ஷிப்ட். லீவு கிடைக்கவில்லை. மருமகனைக் கட்டிக்கொண்டு லைனில் நிற்க முடியாதே. வெளியே வந்ததும் விளக்குக்கு வாங்கியதில் மீந்திருந்த நல்லெண்ணெயை லாக்குக்குள் ஊற்றி, ஹேர்பின்னால் நோண்டி நோண்டி முடியை எடுத்தார். ஒருவழியாகப் பொத்தான் அமுங்கியது. கம்பெனி பஸ் வர, பெல்ட்டை அம்மா கையில் திணித்துவிட்டு, பேன்ட் முழுக்க முடியும் எண்ணெயுமாக ஓடி ஏறினார்.

நாங்கள் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். தம்பி வழக்கம்போல யார் மேலும் படாமல் ஓரத்தில் நின்றான். அம்மா பெல்ட்டைத் தன் இடுப்பைச் சுற்றிப் போட்டு, லாக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் லாக்கைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். பிறகு ஏறி அவள் மடியில் உட்கார்ந்து, நாக்கை நுழைத்தான். டக். அம்மா பெல்ட்டை நன்றாக இறுக்கிக்கொண்டாள். அந்தப் புது மொட்டைத் தலை அவள் கழுத்தடியில் சாய்ந்தது.

சோதனைப் பிரிவின் பொறுப்பு முழுக்க என் தலையில் இருந்ததால் நான் சும்மா இருக்கவில்லை. "அம்மா, உள்ள இன்னும் முடி கீது. மறுபடியும் மாட்டிக்கும்."

"மாட்டிக்கட்டும்" என்றாள் அம்மா.

அம்மாவுக்கு விஷயம் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்து, ஆட்டோ சத்தத்துக்கு மேலே இன்னொரு தடவை உரக்கச் சொன்னேன்.