சரோஜாவின் கலங்கிய கோடு

போன சனிக்கிழமை சாயங்காலம், மதுரையில் ஒரு காலேஜ் ஹாலில் என் கொழுந்தியாள் சரோஜா பேசினாள். திருமங்கலத்துப் பருத்திக்காட்டுக்காரர் மகள். பெங்களூரில் பௌதிக ஆராய்ச்சி செய்கிறாள். பேச்சு தமிழில். விஷயம்... ஒற்றை மூலக்கூறு எப்படி உடைகிறது?

எனக்குப் பௌதிகம் என்றாலே தூக்கம் வரும். ஆனாலும் மனைவியோடும் மாமனாரோடும் முன்வரிசையில் உட்கார்ந்தேன். சொந்தக்காரன் கொட்டாவி விட்டால் நன்றாகவா இருக்கும்?

கண்ணாடி பிளேட்டில் எடுத்த படம் சுவரில் பெரிதாக விழுந்தது. வரிசையாகக் கோடுகள். மூலக்கூறு ஒளியை விழுங்கிய இடமெல்லாம் ஒவ்வொரு கோடாம். பெரும்பாலானவை ஊசிபோலக் கூர்மை. சில மட்டும் ஓரம் கலங்கி, மங்கலாக இருந்தன.

"இந்த மங்கல்தான் என் ஆராய்ச்சி" என்றாள் சரோஜா.

பின்னாலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். ரிட்டயரான பௌதிகப் பேராசிரியர்.

"படம் எடுக்கையில கை நடுங்கியிருக்கும்மா. இதுல போயி என்னத்த ஆராய்ச்சி?"

ஹாலில் சிரிப்பு. மனைவி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். பெங்களூரிலும் ஒருவர் இதையே சொல்லியிருந்தார். கோடு பிழை என்றால் சரோஜாவின் இத்தனை வருஷ உழைப்பும் பிழைதானே?

சரோஜா குரலை உயர்த்தவில்லை. "கை நடுங்கினா எல்லாக் கோடும்லய்யா கலங்கணும்? அதே பிளேட்டுல பக்கத்துக் கோடு கூரா இருக்கே."

பிறகு விளக்கினாள். ஒளியை விழுங்கிய மூலக்கூறுக்கு உடைவதற்கான சக்தி வந்துவிடுகிறது. ஆனாலும் உடனே உடைவதில்லை. சேர்ந்திருக்கும் நிலை ஒன்று. பிரிந்துபோகும் நிலை ஒன்று. இரண்டின் சக்தியும் ஒத்துப்போனால் முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு நழுவிவிடுகிறது. இதைத்தான் ரெஸொனன்ஸ் என்கிறார்கள். சீக்கிரம் நழுவினால் கோடு அகன்று கலங்கும். தாமதித்தால் கூர்மையாக நிற்கும்.

"மங்கல் எம்புட்டு அகலம்னு அளந்தா, அது உடையாம எம்புட்டு நேரம் தாக்குப்பிடிச்சுதுன்னு சொல்லிரலாம்."

பெரியவர் மேடைக்கே வந்தார். பிளேட்டை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

"பக்கத்துக் கோடு சுத்தமாத்தான் இருக்கு. நான் சொன்னது தப்பும்மா. இத எழுதி வெளியிடு, விட்றாத."

இத்தனை பேர் முன்னால் இப்படிச் சொல்ல அவருக்கும் பெரிய மனசு வேண்டும். புரியாத ஒன்றைக் காட்டினால் காட்டியவர் கையைத்தானே நாம் முதலில் சந்தேகிக்கிறோம்? நம் கண்ணைச் சந்தேகிக்க யாருக்கு மனசு வருகிறது?

வாசலில் மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மாப்ள, புள்ள ஜெயிச்சிருச்சா?"

"ஜெயிச்சிருச்சு மாமா."

"பெறகென்ன... வாங்க, காப்பி குடிப்போம்."

யாராவது கேட்டால் சரோஜா என் கொழுந்தியாள்தான் என்று சொல்லலாமென இருக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை — அதனால் நானே சொல்லிக்கொண்டு திரிகிறேன்.