துணைவிதியைப் படித்துக் காட்டிய நாள்

எண்பதுகளின் இறுதியில் ஒரு மே மாதப் பகலில் நடந்தது இது. பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பத்தில், பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு சிமென்ட் ஷீட் கொட்டகை. உள்ளே மின்விசிறி இருந்தது. மின்சாரம்தான் இல்லை.

அப்போது நான் தொழில் கூட்டுறவுச் சங்கங்களைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் ஆய்வாளர். சங்கம் தொடங்க மனுச் செய்தவர்களை நேரில் பார்த்து, அவர்கள் உறுப்பினராகத் தகுதி உள்ளவர்கள்தானா என்று அறிக்கை தர வேண்டும். எந்த மனுவை எந்த விதியின்கீழ் திருப்பி அனுப்பலாம் என்பது எனக்கு அத்துப்படி. அலுவலகத்தில் அதைத் திறமை என்றே சொல்வார்கள்.

கொட்டகையில் இருந்தவர்களை அந்தக் காலத்துக் காகிதங்களில் ‘ஊனமுற்றோர்’ என்று எழுதுவோம். அம்பத்தூர் எஸ்டேட்டின் தையல் கம்பெனிகள் கழித்துப் போடும் வெட்டுத்துணிகளை மூட்டையாக வாங்கி வந்து, நாடாவாகக் கிழித்து, ஆணி அடித்த மரச்சட்டங்களில் கோத்து, கால்மிதிகளும் கைப்பைகளும் செய்தார்கள். குப்பையில் எரிய வேண்டிய துணியில் கிளியும் தாமரையும் வந்திருந்தன. யாரும் இரக்கப்பட்டு வாங்க வேண்டிய பொருளாக அவை இல்லை. பதிவு கிடைத்துவிட்டால் தரகரை விட்டுவிட்டு அரசு விற்பனை நிலையங்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம்.

அமைப்பாளர் இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் சூம்பிப் போனவர். கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியில் இருந்தபடியே எல்லாரையும் விரட்டி வேலை வாங்கினார். “கால் ஓடாத கணக்குக்கும் சேத்து வாய் ஓடும் சார், கண்டுக்காதீங்க” என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

மனுவிலிருந்த பெயர்களைக் கூப்பிட்டேன். ஒரு பெயருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. “அது நம்ம பாப்பா சார்” என்றார் அமைப்பாளர். மூலையில் இருந்த பெண் சட்டென்று எழுந்து நின்று, “உள்ளேன் ஐயா” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

இருபத்தைந்து வயது இருக்கும். வயது கேட்டேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தாள். இன்று என்ன கிழமை என்றேன். அதற்கும் அம்மாவைப் பார்த்தாள். பேனாவை மூடினேன்.

இப்படிப்பட்ட கதைகளில் அந்தப் பெண்ணுக்கு வேறு யாருக்கும் இல்லாத ஒரு கைத்திறன் இருக்கும். இவளுக்கு அப்படி எதுவும் இல்லை. மற்றவர்கள் நாலைந்து கால்மிதி முடிக்கும் நேரத்தில் இவள் ஒன்று முடிப்பாள். அதிலும் சில முடிச்சுகள் தளர்ந்திருக்கும். பக்கத்தில் இருப்பவர் இறுக்கிக் கொடுப்பார். கொட்டகை தொடங்கிய நாளிலிருந்து வருகிறாள், அவ்வளவுதான்.

உறுப்பினர் ஒப்பந்தம் செய்துகொள்ளத் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும் என்ற விதியைச் சொன்னேன். வழியும் சொன்னேன்: மகள் பெயரை எடுத்துவிட்டு அம்மா பெயரைப் போடலாம். மகள் எப்போதும்போல் வந்து வேலை செய்யட்டும்.

அந்த அம்மா என்னைத் தனியாக அழைத்துப் போனாள். “என் பேரு வேணாம் சார். எனக்கு நெஞ்சு வலி கீது, எத்தினி நாளுன்னு தெரியாது. எனக்கப்புறம் என் புள்ள வந்து நிப்பான். அவன் கெட்டவன் இல்ல சார், ஆனா அவனுக்குன்னு ஊடு, பொண்டாட்டி, புள்ளைங்க கீது. இவளை எங்கனா ஒரு ஹோமுல உட்டுட்டு, இந்த எடத்துல பொண்டாட்டிய ஒக்கார வெச்சிடுவான். இவ பேருல இருந்தா இது இவ எடம்தானே?”

சட்டப்படி எனக்கு அதில் செய்ய ஒன்றும் இல்லை என்றேன். சற்றுத் தள்ளி வண்டியில் இருந்த அமைப்பாளர் குறுக்கிட்டார். “சார், ஒண்ணு பண்ணுங்க. துணைவிதிய எங்க எல்லாருக்கும் படிச்சுக் காட்டுங்க. எவனுக்குப் புரியலையோ அவனைத் தூக்கிடுங்க. மொத ஆளா நானே போவேன்னு நெனைக்கிறேன்.”

துணைவிதி என்பது சங்கம் நடக்க வேண்டிய முறையைச் சொல்லும் ஆவணம். கையெழுத்து வாங்குமுன் அதை எல்லாருக்கும் படித்துக் காட்ட வேண்டும் என்பதும் விதிதான். யாரும் படிப்பதில்லை, ‘படித்துக் காட்டப்பட்டது’ என்று எழுதிவிடுவோம். விதியை எனக்கே ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகு படிக்காமல் இருக்க முடியவில்லை.

படித்தேன். காது கேளாத ஒருவருக்கு அவர் மனைவி கை அசைவில் சொல்லிக்கொண்டே வந்தாள். பங்கு மூலதனம் என்ற சொல் வந்ததும் அவள் கைகள் நின்றன. “இதுக்குக் கையில ஒண்ணும் இல்ல சார்” என்றாள். பார்வையில்லாத பெரியவர் ஒருவர் குறட்டை விட்டார். “ஒதுக்கு நிதின்னா இன்னா சார்? ஒதுக்கிட்டா அப்பால யாரு எடுப்பா?” என்றார் அமைப்பாளர். உறுப்பினர்களை நீக்குவது பற்றிய பிரிவையும் படித்து முடித்து, வழக்கப்படி, ஐயம் ஏதும் உண்டா என்று கேட்டேன்.

பாப்பா எழுந்து நின்றாள். கையில் பாதி கோத்த துணி நாடா.

“யார்னா போன்னு சொன்னா, நான் பூடணுமா?”

யாரும் சிரிக்கவில்லை. அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் அந்தப் பிரிவை மறுபடி எடுத்து, பேச்சுத் தமிழில் சொன்னேன். “ஒருத்தர் சொன்னா போக வேண்டாம்மா. காரணத்தை எழுதி உனக்கு முன்கூட்டியே நோட்டீஸ் தரணும். எல்லாரையும் கூட்டணும். நீ சொல்றதைக் கேக்கணும். அதுக்கப்புறம்தான் கை தூக்கச் சொல்லணும். மூணுல ரெண்டு பங்கு பேர் தூக்கினாத்தான்.”

“எங்கண்ணன் சொன்னா?”

“உங்க அண்ணன் உறுப்பினர் இல்லை.”

“நான் பேசுனா கேப்பாங்களா?”

“கேட்டாகணும். கேக்கலைன்னா எங்ககிட்ட மேல்முறையீடு செய்யலாம்.”

அவள் புரியாமல் விழித்தாள். “சாராண்ட போய் சண்டை போடலாம்னு சொல்றார் பாப்பா” என்றார் அமைப்பாளர். அவள் என்னை நன்றாக ஒருமுறை பார்த்துக்கொண்டாள், அடையாளம் வைத்துக்கொள்வதுபோல.

மனுவை அவள் முன்னால் வைத்தேன். எழுத்து எழுத்தாகத் தன் முழுப் பெயரையும் எழுதினாள். நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. ‘விளக்கப்பட்டது, புரிந்துகொண்டார்’ என்று கீழே எழுதிக் கையெழுத்திட்டேன்.

கோப்பு மேலே போனபோது, புரிந்துகொண்டதை எப்படி உறுதி செய்தீர்கள் என்று மேலதிகாரி ஓரத்தில் எழுதிக் கேட்டிருந்தார். ‘தன்னைப் பாதிக்கும் விதி எது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரே உறுப்பினர்’ என்று பதில் எழுதினேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பதிவு கிடைத்தது, பாப்பா உறுப்பினரானாள்.

நீக்கும் பிரிவை அதற்கு முன் எத்தனையோ முறை கையாண்டிருக்கிறேன். சங்கத் தலைவர்கள் வந்து, பிடிக்காதவரை எப்படி வெளியேற்றுவது என்று கேட்பார்கள். நானும் வழி சொல்வேன். வெளியேற்றப்படக்கூடியவர் ஒருவர் அதே பிரிவைப் பற்றி என்னிடம் கேட்டது அந்த ஒருமுறைதான். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆன பிறகும், ஏதாவது ஒரு குழுவில் யாரையாவது பற்றி ‘இவர் வேண்டாம்’ என்று பேச்சு எழுந்தால், அவர் சொல்வதை முதலில் கேட்டுவிட்டீர்களா என்று என்னை அறியாமல் கேட்டுவிடுகிறேன்.