கூடை எங்களைத் தூக்கிய காலை

அன்பான விசுவாசிகளே, என் கால்கள் என் பேச்சைக் கேட்காமல் போனதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். போன வருடம் ஐப்பசி அடைமழை கொஞ்சம் விட்டிருந்த நேரம், அக்கரப்பத்தனையில் எங்கள் தோட்டத்து மேல்மலை சரிந்தது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த என் காலடியிலேயே மண் பிளந்தது. ஒரு தேயிலைச் செடியின் தூரைப் பிடித்துத் தொங்கினேன். உயிர் தப்பியது. ஆனால் அதற்குப் பிறகு சரிவில் கால் வைத்தால் போதும், இரண்டு முழங்காலும் இறுகிவிடும். மூச்சு முட்டும்.

கங்காணி ஐயா இரக்கப்பட்டு ரோட்டோரத்துச் சமதரையில் இருந்த தேயிலை நிரையையே எனக்குத் தந்தார். அதுவும் எத்தனை நாளைக்கு? மலை ஏறாதவளுக்குத் தோட்டத்தில் என்ன வேலை? வேலை போனால் தோட்டம் தந்த லயத்து வீடும் போகும். மகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவேன்? ஜெபக்கூட்டத்தில் விழுந்து அழுதேன். ஆண்டவரே, என் கால்களைத் திருப்பிக் கொடும், கொடுக்கும்வரை உம்மை விடமாட்டேன் என்றேன். நான் பிடிவாதக்காரி. அது என் வீட்டாருக்கும் தெரியும், ஆண்டவருக்கும் தெரியும்.

மாசி மாதம் செல்வி எனக்குப் போன் எடுத்தாள். பக்கத்து லயத்தில் என்னோடு வளர்ந்தவள், இப்போது தம்புள்ளைப் பக்கம் ஒரு ஹோட்டலில் துணி துவைக்கிறாள். ஹோட்டலுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் சிலர் கூடை கட்டிய பெரிய பலூனில் பறக்கக் கேட்டுவிட்டு வராமல் போனார்களாம். காலியான இடத்தில் அவளும் இன்னொருவரும் போகலாம் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார்.

"நாம கூடை தூக்குன காலம் போச்சுடி மேரி. இனி கூடை நம்மள தூக்கப் போவுது. வா," என்றாள்.

அவளுக்கு விளையாட்டு. எனக்கு அது அப்படிப் படவில்லை. எந்த உயரத்துக்குப் பயமோ அந்த உயரத்திலேயே போய் ஆண்டவரிடம் கேட்பது என்று முடிவெடுத்தேன். பாஸ்டர் அம்மா எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பார்த்தார். ஆனாலும் தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பினார். செல்வி கோயிலுக்குப் போகிறவள். தன் மாரியம்மனிடமும் எனக்காக ஒரு வார்த்தை சொல்லி வைத்ததாகச் சொன்னாள்.

தம்புள்ளைக்குப் போய், விடியும் நேரத்தில் பலூன் கூடையில் ஏறினோம். தலைக்கு மேலே நெருப்பு உறுமியது, தரை மெல்லக் கீழே போனது. மற்றவர்கள் குளத்தையும் காட்டையும் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். நானோ பலூன் ஓட்டும் சிங்களத் தம்பியின் காலடியில் குந்தி, ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு தூரம் வந்தும் எழும்ப முடியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், கோபத்தோடுதான் ஜெபித்தேன்.

இறங்கும்போது காற்று திரும்பியது. கூடையின் அடி ஒரு வயல் வரப்பில் மோதி எகிறியது. அந்தத் தம்பி, "பஹின்ன எப்பா," என்று கத்தினார். இறங்க வேண்டாம் என்று அர்த்தம். நெருப்புச் சத்தத்தில், மறுகோடியில் நின்ற செல்விக்குப் 'பஹின்ன' மட்டும்தான் கேட்டது. எங்கள் பக்கத்து பஸ்ஸில் கண்டக்டர் 'பஹின்ன' என்றால் அந்தக் கணமே இறங்கிவிட வேண்டும். சுணங்கினால் அடுத்த தோட்டத்திலிருந்து நடந்துதான் வர வேண்டும். பழக்கதோஷம். செல்வி விளிம்புக்கு வெளியே ஒரு காலைப் போட்டுவிட்டாள். கூடையோ மறுபடி மேலே எழும்பிக்கொண்டிருந்தது.

காலடியில் குந்தியிருந்ததால் எனக்கு இரண்டு வார்த்தையும் கேட்டது. எப்படி எழும்பினேன் என்று தெரியாது. பாய்ந்துபோய் அவள் இடுப்பை வளைத்துப் பிடித்தேன். விளிம்புக்கு அப்பால் வயல் வெகு கீழே தெரிந்தது. என் முழங்கால்கள் எப்போதும்போல் இறுகின. இறுகிய காலை அப்படியே கூடைச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்றேன்.

"எப்பான்னு சொன்னாருடி. எறங்காத. நான் புடிச்சிருக்கேன்."

கூடை மறுபடி தரைதட்டி, சாய்ந்து நிற்கும்வரை விடவில்லை. செல்வி என் தோளில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன். வயல் சேற்றிலேயே முழங்காலிட்டேன், அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்து கைகூப்பினாள்.

பயத்தை எடுத்துப்போடும் என்றுதான் நான் கேட்டிருந்தேன். ஆண்டவர் எடுக்கவில்லை. பயந்து குந்தியிருந்த இடத்தில் எனக்குக் காதைத் திறந்தார், இறுகிய காலாலேயே என் தோழியைக் காப்பாற்றினார்.

ஊர் திரும்பிய மறுநாள், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில், கங்காணி ஐயா வழக்கம்போல ரோட்டோர நிரைக்கு என் பெயரைச் சொன்னார். நான் மேல்மலை கேட்டேன். முடியுமா தாயி என்றார்.

"முடியலன்னா நின்னுக்கிறேங்க. கீழ மட்டும் எறங்க மாட்டேன்," என்றேன்.

அன்றைக்கு மூன்று இடத்தில் நின்றேன். மூன்று இடத்திலும் ஸ்தோத்திரம் சொல்லி அடுத்த செடிக்குப் போனேன். இன்றும் கால் நடுங்கத்தான் செய்கிறது. பயம் போகட்டும், பிறகு எழும்பலாம் என்று உங்களில் யாராவது காத்திருந்தால், காத்திருக்காதீர்கள். நடுங்கிக்கொண்டே எழும்புங்கள், அவர் பிடித்துக்கொள்வார். இதை எழுதும் என் விரல்களில் இருக்கிற கறை, இன்று மேல்மலையில் எடுத்த கொழுந்தின் கறை.