மடாம் கொண்டுபோகாத அடுப்பு

பிரெஞ்சு பேசும் சென்ட் லோரன்டில் என் தகட்டுப் பட்டறை வாசலுக்கு உள்ளே, கண்ணாடி ஓரமாக ஓர் எவர்சில்வர் அடுப்பு நிற்கிறது. இப்போது அதற்குள் கறிவேப்பிலை வளர்கிறது. விறகு குறைவாகத் தின்னும், புகை வராது, துருவும் பிடிக்காது. நான் செய்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான்; படித்த எஞ்சினியர்மார் முடியாது என்று கைவிட்ட வேலைகளை இந்தக் கையால் முடித்திருக்கிறேன். செய்யச் சொன்னவர் கொண்டுபோகாமல் விட்டுப்போனது இந்த அடுப்பு ஒன்றைத்தான்.

அவரை நாங்கள் மடாம் என்றே கூப்பிடுவோம். புர்க்கினா பாசோவில் பிறந்தவர். இங்கே சமூக சேவை அலுவலகத்தில் வேலை. நாங்கள் அகதிகளாக வந்த புதிதில் எங்கள் படிவங்களை நிரப்பித் தந்தவர். பனிக்காலம் வந்தால் லீவு போட்டுவிட்டுத் தன் நாட்டுக்குப் போய்க் கிராமத்துப் பெண்களோடு வேலை செய்வார். அங்கே காடு வெட்டுப்பட்டுப் போய், பெண்கள் அரை நாள் நடந்து விறகு சுமந்தார்களாம். பதினைந்து வருடத்துக்கு முன் ஒருநாள் பட்டறைக்கு வந்து, களிமண் அடுப்புக் கட்ட ஒரு தகர அச்சு வேண்டும் என்று படம் கீறிக் காட்டினார். நான் சும்மா இருப்பேனா? மண் என்ன, அச்சு என்ன என்று முழு அடுப்பையே எவர்சில்வரில் செய்து, மினுக்கி வைத்தேன்.

மடாம் அதைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். பிரெஞ்சில் அவர் சொன்னதை என் மனைவி தமிழில் சொன்னாள். வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்து, பட்டறைக் கணக்கும் கடிதமும் பார்த்தவள் அவள்தான்.

"நல்ல வடிவாம். ஆனா இதை அங்க கொண்டுபோனா ஆம்பிளையள் வித்துப்போடுவினமாம். மண் அடுப்பெண்டா பொம்பிளை தன்ர கையால கட்டுறது, ஒருத்தரும் தூக்கிக்கொண்டு போகேலாதாம்."

"என்ர அடுப்பை விக்கிறதோ!" என்று துள்ளினேன்.

மடாம் தேத்தண்ணி குடித்தபடி இன்னொன்றும் சொன்னார். மரம் நட்டவருக்கே நிலத்தில் உரிமை என்பது அவர் வேலை செய்த ஊரின் வழக்கம். அதனால் கணவன்மார் பெண்களுக்குப் பயிர் வைக்க நிலம் விடுவார்கள், மரம் நட மட்டும் விட மாட்டார்கள். முதல் வருடம் நட்ட கன்றுகளை ஒரே கிழமைக்குள் பிடுங்கி எறிந்துவிட்டார்களாம். பிறகு அவர் கன்றைத் தொடவில்லை. ஊர்ப் பெரியவர்களோடு நாட்கணக்கில் குந்தியிருந்து, பெண்களின் பெயரில் நிலத்துக்கு உரிமைக் கடிதம் வாங்கும் வேலையில் இறங்கினார். "முதலில் பெயர், பிறகு மரம்" என்பார்.

சொல்லி முடித்துப் பட்டறையைச் சுற்றிப் பார்த்தவர், ஏதோ கேட்டார். மனைவி அதை மட்டும் தமிழாக்கவில்லை; கடைசல் மெசினையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அந்தளவு பிரெஞ்சு விளங்கும். இந்தப் பட்டறை யாருடைய பெயரில் இருக்கிறது என்றுதான் கேட்டார்.

"என்ர பேரிலதான்!" என்று நெஞ்சில் தட்டினேன். அதை அவள் மொழிபெயர்த்தாள். அடுத்த கிழமை அச்சைச் செய்து கொடுத்தேன், மடாம் கொண்டுபோனார்.

அவர் ஓய்வு பெற்று இப்போது அங்கேயே இருக்கிறார். போன மாதம் ஒரு வீடியோ அனுப்பினார். தங்கள் பெயரில் எழுதிய நிலத்தில், ஆள் உயர மரங்களுக்கு நடுவே பெண்கள்; பக்கத்தில் மண் அடுப்பு. "என்ர அச்சு!" என்று வந்தவன் போனவனுக்கெல்லாம் காட்டினேன். மனைவி பார்த்துவிட்டு, "அவையளுக்குப் பேர் கிடைச்சிட்டுது" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. என் வாழ்நாளில் அளவு பிழைத்ததில்லை; இந்த மாதத்தில் இரண்டு தகட்டைப் பிழையாக வெட்டினேன்.

இன்று காலை அவள் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வியாழக்கிழமை பத்திரம் எழுதுற நொத்தாரிசிட்டப் போவம். பட்டறையில பாதியை உன்ர பேரில எழுதுவம்" என்றேன்.

"வாறன். ஆனா வாசிச்சுப் பாத்துத்தான் கையெழுத்து வைப்பன். உங்களுக்கும் வாசிச்சுச் சொல்லுறன், பயப்பிடாதேங்கோ."

செடியைப் பார்த்தேன். எத்தனையோ தரம் இதைத் தூக்கி எறியச் சொல்லிக் கத்தியிருக்கிறேன்.

"இந்த மரத்தை எப்ப நட்டனீ?"

"மடாம் அச்சை வாங்கிக்கொண்டு போன அண்டைக்கு."